ஊரடங்குல உங்களுக்கு என்ன நடந்துச்சு? (அப்போ 14–25 வயசுல இருந்த மாற்றுத்திறனாளிகள் முதல்ல எழுதுங்க)

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் பகுதியைத் திருத்தப் போகிறார்கள். எங்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்காக நடந்த முதல் கூட்டத்தில் கொரோனா காலத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. பேசியவர்கள் பெற்றோர், என்னைப் போன்ற ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார். "பிள்ளைகள் ரொம்பச் சோர்ந்துட்டாங்க", "போனுக்கு அடிமையாயிட்டாங்க", "வீட்டுக்குள்ளயே இருந்ததால பாதுகாப்பா இருந்தாங்க". இப்படியே ஓடியது. 2020இல் பத்தாவதும் பிளஸ் டூவும் படித்தவர்கள் இன்று வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 8ஆவது பிரிவு, பேரிடரில் சமமான பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. பதிவேடு வைத்துவிடுவார்கள். பெயர், வயது, ஊனத்தின் சதவீதம், ஆதார் எண். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

அதனால்தான் இந்த இழை. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். பிழை பார்க்க மாட்டேன், குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. பெற்றோர் தயவுசெய்து கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள்.

#2 சக்கரம்21

நான் சொல்றது நிறைய பேருக்குப் புடிக்காது. எனக்கு அந்த ஊரடங்குதான் காலேஜ் வாழ்க்கையிலேயே நல்லா இருந்த காலம்.

தசைச் சிதைவு. எட்டாவதுல இருந்து வீல்சேர். பி.காம் சேர்ந்த காலேஜ்ல வகுப்பு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பசங்க நாலு பேரு தூக்கிட்டுப் போவானுங்க. அவனுங்க லீவு போட்டா நானும் லீவு. டாய்லெட்டுக்குள்ள சேர் போகாது. அதனால காலைல ஏழு மணிக்கு ஒரு மடக்கு காபி, அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணி. மே மாசமா இருந்தாலும் அதேதான்.

ஆன்லைன் கிளாஸ் வந்ததும் பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சேன். சிரிக்காதீங்க, எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அதுதான். அட்டெண்டன்ஸ் முழுசா வந்துச்சு. குரூப் செமினார்ல நான்தான் பேசினேன். என் முகமும் மத்தவங்க முகமும் ஒரே அளவு கட்டத்துல.

2021 செப்டம்பர் 1 காலேஜ் திறந்தாங்க. வாரத்துல ரெண்டு நாளாவது ஆன்லைன்ல இருந்துக்கறேன்னு எழுதிக் குடுத்தேன். "எல்லாருக்கும் ஒரே ரூல்ப்பா"ன்னு பதில். அதுக்கு முந்தின வருஷம் எல்லாருக்கும் வேணும்னதும் எவ்ளோ சீக்கிரம் ஏற்பாடு பண்ணாங்கன்னு பார்த்தேனே. எனக்கு மட்டும் வேணும்னப்ப அது ரூலுக்கு விரோதம்.

"பாவம், வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தாங்க"ன்னு எழுதுறவங்களுக்கு ஒண்ணு. நாங்க அதுக்கு முன்னாடியும் அடைஞ்சுதான் கெடந்தோம். அப்ப யாரும் கட்டுரை எழுதல.

#3 ராஜபாளையத்தான்

மன்னிக்கணும், அந்த வயசும் இல்ல, மாற்றுத்திறனாளியும் இல்ல. ஆனா கேக்கணும்னு தோணுது. ஊரடங்குல எல்லாரும்தானே கஷ்டப்பட்டோம்? என் தறி நாலு மாசம் ஓடல. வடநாட்டுப் பசங்க நடந்தே ஊருக்குப் போனாங்க. இவங்களுக்குன்னு தனியா ஒரு கதை எதுக்கு? அரசாங்கம் ஆயிரம் ரூபாயும் குடுத்துச்சே.

#4 விரல்மொழி

எனக்கு பிறவியிலேயே காது கேட்காது. எழுத்துல தப்பு இருந்தா திருத்திப் படிங்க.

சக்கரம் சொல்றது அவருக்கு சரி. எனக்கு நேர் எதிர்.

நான் ஹாஸ்டல் உள்ள காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது. மார்ச் மாசம் ஹாஸ்டல் மூடி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன், பாட்டி. யாருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பிடு, குளி, தூங்கு, கடைக்குப் போ, இதுக்கு மட்டும் சைகை இருக்கு. கொரோனா என்றால் என்ன, ஏன் தெருவில் ஆள் இல்லை, டிவியில் ஏன் பிணம் காட்றாங்க, யாரும் விளக்கலை. கேட்டால் அம்மா கையை இப்படி ஆட்டுவாங்க: அப்புறம், அப்புறம். அந்த "அப்புறம்" வரவே இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாஸ்டல் நண்பன் வாட்ஸாப் வீடியோ கால் வருவான். அவன் அக்காவும் காது கேளாதவங்க, அதனால் அவன் வீட்டில் விஷயம் தெரியும். வைரஸ், கை கழுவுறது, பரீட்சை ரத்து, எல்லாம் அவன் சொல்லித்தான் தெரிஞ்சது. சைகையில் பேச வீடியோ வேணும். மத்தவங்க மாதிரி வெறும் ஆடியோ கால் போதாது. டேட்டா சீக்கிரம் தீர்ந்துடும். அண்ணன் திட்டுவான், "எப்பப் பார்த்தாலும் போன்". வைகைக்கரை டீச்சர், கூட்டத்தில் போனுக்கு அடிமை என்று சொன்னாங்களே, அதில் நானும் இருக்கலாம்.

2021 ஜனவரியில் காலேஜ் மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அரசு கொடுத்தது. ஸ்கூல் பசங்களுக்கு அது இல்லை.

அப்புறம் முகக்கவசம். மருந்துக்கடை, ரேஷன், போலீஸ், எல்லாருக்கும் வாய் மூடி. உதட்டைப் பார்த்துதான் பாதி புரியும். போலீஸ் ஒருத்தர் பின்னால் இருந்து நிற்கச் சொல்லி கத்தினார் போல, நான் நடந்தேன். முதுகில் ஒரு லத்தி அடி. அடையாள அட்டை பாக்கெட்டில்தான் இருந்தது.

#5 திருமங்கலம்_அப்பா

பெற்றோர் பொறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் என் மகளால் எழுத முடியாது, எனவே நான்தான் எழுத வேண்டும்.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, கூடவே மூளை முடக்குவாதம். அப்போது 16 வயது. சிறப்புப் பள்ளி மூடியதும் பிசியோதெரபி நின்றுவிட்டது. வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பினார்கள், என் மனைவி அதைப் பார்த்துச் செய்துவிட்டாள். ஆனாலும் முழங்கால் மடங்கியபடி இறுகிவிட்டது. கேலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) சிறியதாகிவிட்டது, புதிதாக அளவெடுக்க ஆளில்லை. மற்றபடி அவள் நிம்மதியாகவே இருந்தாள். டிவி பார்த்தாள், நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்ததால் சந்தோஷமாகவே இருந்தாள்.

#6 வைகைக்கரை

திருமங்கலம் அய்யா, எழுதியதற்கு நன்றி. கேலிப்பர் விஷயத்தைக் கட்டாயம் சேர்க்கிறேன். வளர்கிற வயதில் ஆறு மாதம் அளவெடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் யாருமே பேசவில்லை.

ஒரு வேண்டுகோள். மகளிடமே கேட்டுப் பார்க்க முடியுமா? "சந்தோஷமா இருந்தியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டிவிடும், அதுவும் அப்பா கேட்டால். பழைய போட்டோக்களை எடுத்து வையுங்கள்: பள்ளி, வேன், முகக்கவசம், டிவி, ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றாகக் காட்டி, அவள் எதை எடுத்து வைத்துக்கொள்கிறாள், எதைத் தள்ளிவிடுகிறாள் என்று பாருங்கள். அவசரம் வேண்டாம், நடுவில் நாம் பதில் எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம். நீங்களோ அம்மாவோ இல்லாமல், அவளுக்குப் பிடித்த வேறு ஒருவர் கேட்டால் இன்னும் நல்லது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பிரிவு 7: குழந்தைக்குத் தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, அதைச் சொல்வதற்கு வயதுக்கும் ஊனத்துக்கும் ஏற்ற உதவியும் பெற உரிமை உண்டு. இந்தியா அதை ஏற்றது 2007இல்.

#7 திரைவாசகன்

ராஜபாளையத்தாருக்கு முதலில் பதில். நீங்கள் கேட்டதில் தப்பில்லை. உங்கள் தறி நின்றது, எங்கள் ஆட்களின் ரயிலும் நின்றது. சென்னை புறநகர் ரயிலில் பேனா, கர்சீப், அடையாள அட்டை உறை விற்கும் பார்வையற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பலர் எங்கள் ஹாஸ்டல் சீனியர்கள், பட்டம் வாங்கியவர்கள், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. 2020 மார்ச்சில் ரயில் நின்றது. அக்டோபரில் ஓடத் தொடங்கியபோதும் முதலில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான். ரயிலில் உரிமம் இல்லாமல் விற்பது ரயில்வே சட்டம் 144ஆம் பிரிவின்படி குற்றம் (ஊரடங்கு 144 வேறு, இது வேறு. எங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது). சட்டத்துக்குப் புறம்பான தொழில் என்பதால் தொழிலாளர் பட்டியலிலும் அவர்கள் இல்லை, வியாபாரிகள் பட்டியலிலும் இல்லை. நஷ்டம் என்று எழுதிக் கொடுக்கக்கூட ஒரு மேசை கிடையாது. தனிக் கதை எதற்கு என்றீர்களே, இதற்குத்தான்.

இனி என் கதை. பி.ஏ. வரலாறு, இரண்டாமாண்டு. ஆன்லைன் வகுப்பு கேட்பதற்கு எனக்குச் சிரமமில்லை, காது போதும். பாடக்குறிப்புதான் பிரச்சினை. ஆசிரியர் நோட்டை போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸாப் குரூப்பில் போடுவார். திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி) அதைத் திறந்து "படம்" என்று ஒரே வார்த்தை சொல்லும். முப்பது பக்கத்துக்கும் அதே வார்த்தை. "சார், டைப் பண்ணி அனுப்புங்க" என்றால், "யாராவது ஃபிரண்டை வாசிக்கச் சொல்லுப்பா." ஃபிரண்டு அப்போது தேனியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

தடுப்பூசிக் காலம் இன்னும் வேடிக்கை. 2021 மே 1 முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பூசி, அதற்குக் கோவின் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். உள்ளே போனால் கேப்ட்சா. கோணல்மாணலான எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ஒலி வடிவம் கிடையாது. பார்வையற்றவர்கள் கோவினைப் பயன்படுத்த முடியவில்லை என்பதை அதே மே 31 அன்று உச்ச நீதிமன்றமே தன் உத்தரவில் குறிப்பிட்டது. நான் கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் சொல்லித்தான் பதிவு செய்தேன். எல்லாரிடமும் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

#8 மருதாணி

அண்ணா தம்பிங்க எல்லாம் எழுதிட்டீங்க. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதறேன்.

பதினெட்டு வயசுல விபத்து, முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. எங்க தெருவுல ஒரு அக்கா காலைல வந்து குளிக்க வெச்சு, டியூப் மாத்தி, துணி மாத்திவிட்டுப் போவாங்க. ஊரடங்குல அவங்களால வர முடியல. உதவியாளருக்கு எளிமையா பாஸ் குடுக்கணும், கட்டுப்பாட்டுல விலக்கு தரணும்னு மத்திய அரசு 2020 மார்ச் 26 அன்னிக்கே வழிகாட்டுதல் போட்டிருக்கு. அது இருக்கறதே எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். செக்போஸ்ட்ல நின்னவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

அம்மாவுக்கு மூட்டுவலி, தனியா என்னைத் தூக்க முடியாது. அப்பாவும் அண்ணனும் தூக்குவாங்க. மாசத்துல அந்த அஞ்சு நாளும்தான். அண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் தூக்குவான், நல்லவன். ஆனா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யாரும் கேக்கல. படுக்கைப் புண் வந்துடுச்சானு கேப்பாங்க, யூரின் ஒழுங்கா போகுதானு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு மேடம் போன் பண்ணி "மனசு எப்படி இருக்கும்மா?"ன்னாங்க. ஸ்பீக்கர்ல. ஒரே ரூம் வீடு, அப்பா அண்ணன் ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்திருக்காங்க. "நல்லாயிருக்கேன் மேடம்"னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

டீச்சர், உங்க திட்டத்துல இதை எழுதுங்க. போன்ல கேக்கறதா இருந்தா, தனியா இருக்கியான்னு மொதல்ல கேக்கணும். இல்லன்னா ஆமா இல்லன்னு மெசேஜ்ல பதில் வாங்கலாம். பொம்பளைப் புள்ளைங்களுக்குப் பொம்பளை உதவியாளர்னு திட்டத்துல தனியா ஒரு வரி வேணும்.

அந்த ஆயிரம் ரூபாய் எங்களுக்கும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. நாப்கின், டயப்பர், யூரின் பேக் வாங்கறவங்களுக்கு அது எத்தனை நாளுன்னு ராஜபாளையத்தாரே கணக்குப் போட்டுக்கட்டும்.

#9 ராஜபாளையத்தான்

கணக்குப் போட்டேன்மா. கம்முனு இருக்கேன்.

#10 ஓ_நெகட்டிவ்

எனக்கு தலசீமியா, ரத்த நோய். அதுவும் ஊனமான்னு கேப்பாங்க. 1995 சட்டத்துல ஏழு வகைதான். 2016 சட்டத்துல 21 ஆக்கினாங்க, அதுல தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல்னு ரத்த நோய் எல்லாம் வந்துடுச்சு. பார்த்தா தெரியாது, அதான் பிரச்சினை. பஸ்ல சீட் கேட்டாலே மேலயும் கீழயும் பார்ப்பாங்க.

எனக்கு மூணு வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் ஏத்தணும். ரத்த வங்கிக்கு ரத்தம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? காலேஜ்ல, கம்பெனியில நடக்கற முகாம்லேர்ந்து நிறைய வரும். ரெண்டும் மூடிட்டாங்க. 2020 ஏப்ரல்லேர்ந்து அப்பா லிஸ்ட் வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா போன் பண்ணுவாரு. என் குரூப் வேற சுலபமா கிடைக்காது, இங்க என் பேரைப் பார்த்தாலே தெரியும். ஆஸ்பத்திரி வேற மாவட்டத்துல, ஒவ்வொரு தடவையும் இ-பாஸ். செப்டம்பர் 1 அன்னிக்கு மாநிலத்துக்குள்ள இ-பாஸ் வேணாம்னு சொன்னப்போ எங்க வீட்ல பாயசம் வெச்சாங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லாதது. நானும் விரல்மொழி மாதிரி அப்போ பத்தாவது. ஜூன் 9 அன்னிக்குப் பரீட்சை ரத்து, ஆல் பாஸ். எல்லாரும் பட்டாசு. மார்க் எப்படிப் போட்டாங்க தெரியுமா? காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம். மூணு வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் ஏத்தப் போன நாளெல்லாம் எனக்கு ஆப்சென்ட். ரத்தம் ஏத்திக்கிட்டதுக்கு மார்க் கொறைச்சாங்க. கெட்ட எண்ணத்துல செஞ்சதுன்னு சொல்லல. அந்த ரூலை எழுதறப்போ எங்களை மாதிரி யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க.

#11 சக்கரம்21

@ஓ_நெகட்டிவ் இது எனக்கு உறைக்கவே இல்ல. செம.

@விரல்மொழி உங்களுதைப் படிச்சப்புறம் ஒண்ணு சேர்க்கணும். ஆன்லைன் எனக்கு நல்லா இருந்துச்சு, ஆனா உடம்புக்கு இல்ல. பிசியோ நின்னு போச்சு. முன்னாடி சேர்லேர்ந்து கட்டிலுக்கு நானா நகருவேன். 2020 தீபாவளிக்கு அப்புறம் அது முடியல. எங்க நோய்ல போனது திரும்பாது. நோய் போற போக்கா, தெரபி இல்லாததான்னு டாக்டராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால டீச்சர், "ஆன்லைன் நல்லது"ன்னு ஒத்த வரியில எழுதிடாதீங்க. யாருக்கு எது வேணும்னு அவங்களே தேர்ந்தெடுக்கற மாதிரி இருக்கணும்.

#12 விரல்மொழி

சம்மதம். ஆனால் ஒரு பயம் இருக்கு. "விருப்பம் இருந்தால் ஆன்லைன்" என்று எழுதினால், காலேஜ் என்ன செய்யும்? லிஃப்ட் கட்டாது. "நீ வீட்டிலேயே இரு" என்று சொல்லும்.

சக்கரத்துக்கு லிஃப்ட் மாதிரி எனக்கு ஹாஸ்டல். கேட்கிறவங்க ஹாஸ்டல் என்றால் சாப்பாடும் கட்டிலும் நினைப்பாங்க. எங்களுக்கு ஹாஸ்டலில்தான் பேச ஆள் இருக்கு. அடுத்த தடவை மூடினால், காது கேளாத பிள்ளைகளுக்கு தினம் ஒரு மணி நேரம் சைகையில் பேசுற ஆள் வீடியோவில் வேணும். பாடம் இல்லைன்னாலும் பரவாயில்லை. அதுக்கு டேட்டாவும் வேணும்.

#13 திருமங்கலம்_அப்பா

டீச்சர் சொன்னபடி செய்து பார்த்தோம். என் தங்கை மகளுடன் என் மகளுக்கு ஒட்டுதல் அதிகம், தங்கை மகளையே கேட்கச் சொன்னோம். படங்களைப் பரப்பி வைத்தோம்.

என் மகள் டிவி படத்தைத் தள்ளிவிட்டாள். முகக்கவசத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. பள்ளி வேனின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேன் ஆயாவின் பெயரைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். எங்களுக்குத் தெரியும், இவளிடம் சொல்லவில்லை. புரியாது என்று நினைத்தோம். பள்ளி திறந்தபோது வேறு ஆயா வந்தார். அதன் பிறகு சில மாதங்கள் வேன் வந்தாலே அழுது அடம் பிடித்தாள், மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதை உங்கள் அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவீர்கள் என்று தெரியவில்லை.

#14 மருதாணி

அப்பா, அவகிட்ட இப்பவாச்சும் சொல்லிடுங்க. ஆயா படத்தைக் காட்டி, அவங்க வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.

#15 வைகைக்கரை

இதுவரை வந்ததை வைத்து ஒரு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் பாணியில் "பரிந்துரைகள் 1, 2, 3" என்று போடாமல், நீங்கள் எழுதிய பத்திகளை அப்படியே வைத்து, பக்கத்தில் எந்தத் துறை பொறுப்பு என்று மட்டும் குறிக்கலாம் என்று இருக்கிறேன். வருகைப்பதிவு என்றால் பள்ளிக் கல்வித்துறை. உதவியாளர் பாஸ் என்றால் வருவாய்த்துறை, காவல்துறை இரண்டும். வேன் ஆயாவைப் பற்றியதற்கு எனக்கும் துறை தெரியவில்லை அய்யா. இறப்புச் செய்தியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று சிறப்புப் பள்ளிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதலாம், அதை நானே எழுதுகிறேன்.

அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை. இந்த முறை நான் வாசித்துக் காட்டப் போவதில்லை. உங்களில் யார் வர முடியும்?

#16 திரைவாசகன்

நான் வருகிறேன். கூட்டக் குறிப்பை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சு செய்தது. போட்டோ பிடிஎஃப் வந்தால் முப்பது பக்கமும் "படம், படம்" என்று மைக்கில் வாசித்துக் காட்டிவிடுவேன்.

#17 மருதாணி

நேர்ல கஷ்டம். வீடியோ கால்ல வர்றேன், அண்ணன் வேலைக்குப் போற நேரமா பார்த்து வைங்க. லிங்க்கை எங்கிட்ட நேரா அனுப்புங்க, அப்பா நம்பருக்கு வேணாம்.

#18 விரல்மொழி

வருவேன். மொழிபெயர்ப்பாளர் வேணும், ஒருத்தர் போதாது. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஒருத்தரால் முடியாது, கை மட்டும் இல்லை, மூளையும் களைச்சுப் போகும். ரெண்டு பேர் மாறி மாறி செய்யணும். என் பக்கத்தில் உட்கார வேண்டாம், பேசுறவங்க பக்கத்தில், வெளிச்சம் முகத்தில் விழுற இடத்தில் நிற்கணும். கலெக்டர் என்னிடம் கேள்வி கேட்டால் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கேட்பார், எல்லாரும் அப்படித்தான். என்னைப் பார்த்துக் கேட்கச் சொல்லி முதலிலேயே சொல்லிடுங்க.

#19 வைகைக்கரை

ரெண்டு பேர், வெளிச்சம், இடம், எல்லாம் குறித்துக்கொண்டேன். செலவுக்கு ஒப்புதல் வாங்க நாளைக்குப் போகிறேன். சக்கரம், ஓ_நெகட்டிவ், நீங்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

#20 ஓ_நெகட்டிவ்

சனிக்கிழமை எனக்கு ரத்தம் ஏத்தற நாள் டீச்சர். வெள்ளிக்கு மாத்த முடியுமா?